மெனுவில் காட்டும் 52 எத்தனை வோல்ட்? பூஸ்டர் போட்டால் படம் சரியாகுமா?

கேள்வி இதுதான்: கேபிள் செட்டாப் பாக்ஸின் மெனுவில் சிக்னல் லெவல் 52 என்று காட்டுகிறது. லைன்மேன் 60 வேண்டும் என்கிறார். அந்த 52 என்பது எத்தனை வோல்ட்? மாடியில் மூன்றாவது டிவி வைத்த பிறகு சில சேனல்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடைகின்றன. பூஸ்டர் வாங்கினால் தீருமா? கனெக்டரைத் தொட்டால் சுருக்கென்கிறதே, அதுவும் இந்தச் சிக்னல்தானா?

52 என்பது ஏறக்குறைய 0.4 மில்லிவோல்ட். கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியில் மூவாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் சுருக்கென்று கடிப்பது சிக்னல் இல்லை; அது வேறு இடத்திலிருந்து வருகிறது, கடைசியில் சொல்கிறேன். பூஸ்டர் வாங்க வேண்டாம். 52-க்கே படம் ஒழுங்காக வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் குறை அளவில் இல்லை, வயரிங்கில் இருக்கிறது.

முதலில் அந்த எண். லைன்மேன்கள் வாயில் வெறும் 'டிபி' என்று வருவதன் முழுப்பெயர் டெசிபெல் மைக்ரோவோல்ட். 75 ஓம் கேபிளில் ஒரு மைக்ரோவோல்ட் இருந்தால் அது 0. அங்கிருந்து 20 ஏறும்போதெல்லாம் மின்னழுத்தம் பத்து மடங்கு. 6 ஏறினால் இரண்டு மடங்கு. ஆகவே 40 என்றால் 100 மைக்ரோவோல்ட், 54 அரை மில்லிவோல்ட், 60 ஒரு மில்லிவோல்ட், 66 இரண்டு மில்லிவோல்ட், 80 பத்து மில்லிவோல்ட். ஆற்றலாகப் பார்த்தால் 60-இல் கேபிளில் போவது சுமார் 13 நானோவாட்தான்.

ஏன் நேராக மில்லிவோல்ட்டிலேயே சொல்லக் கூடாது? கேபிளும், ஒரு லைனைப் பல டிவிக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரும் சிக்னலை விகிதத்தில் குறைக்கின்றன. பாதியாக்கு, அதில் மூன்றில் ஒன்றாக்கு என்று பெருக்கி வகுத்துக்கொண்டே போக வேண்டும். டெசிபெல்லில் அது வெறும் கழித்தல் கணக்கு. துண்டுச்சீட்டில் போட்டுவிடலாம்.

சில பெட்டிகளும் மீட்டர்களும் −55, −45 என்று கழித்தல் குறியோடு காட்டும். அது டெசிபெல் மில்லிவாட். 75 ஓம் கேபிளில் அதோடு 109 கூட்டினால் நம் கணக்குக்கு வந்துவிடும்: −45 என்றால் 64. இன்னும் சில பெட்டிகள் சதவீதத்தில் காட்டும். அந்தச் சதவீதத்தைத் தயாரித்தவர் எதை வைத்துக் கணக்கிட்டார் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே பெட்டியில் முன்பின் ஒப்பிட மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி 52 போதுமா என்ற கணக்கு. 75 ஓம் கேபிள் எதிலும் இணைக்காமல் சும்மா இருந்தாலும், வெப்பத்தால் அதில் ஒரு இரைச்சல் உண்டு. 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு டிவி சேனலில் அது சுமார் 1.5 மைக்ரோவோல்ட், அதாவது 4 டிபி. பெட்டிக்குள் இருக்கும் டியூனர் தன் பங்குக்கு ஒரு 7 சேர்க்கும். ஆக, தரைமட்டம் 11. கேபிள் டிவியில் பரவலாக உள்ள 64 குவாம் (அலையில் டிஜிட்டல் தகவலை ஏற்றும் ஒரு முறை; எண் கூடக் கூடத் தகவல் அதிகம்) முறைக்குச் சிக்னல் அந்த இரைச்சலைவிட 26, 27 டிபி மேலே நின்றால் போதும். 11-உம் 27-உம் 38. இது விளிம்பு, கொஞ்சம் கையிருப்பு வைத்து 45-ஐக் கீழ் எல்லையாகக் கொள்ளலாம். 256 குவாமில் வரும் அலைவரிசைகளுக்கு இன்னும் 6 கூட்டி 51, 52. மேல் எல்லை 70 பக்கம். லைன்மேன் கேட்கும் 60 அனலாக் காலத்துப் பழக்கம். அன்று 60-க்குக் கீழே போனால் திரையில் புள்ளிப் புள்ளியாய்ப் பொரி தெரிய ஆரம்பிக்கும், அதனால் அவர் சொன்னது அன்றைக்குச் சரி. டிஜிட்டலில் 50-க்கும் 65-க்கும் படத்தில் வித்தியாசம் எதுவும் தெரியாது.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். மெனுவில் லெவலுக்குப் பக்கத்திலேயே குவாலிட்டி, எஸ்என்ஆர் அல்லது எம்இஆர் என்று இன்னொரு எண் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். லெவல் என்பது சத்தம் எவ்வளவு பெரிது என்பது; குவாலிட்டி என்பது பேச்சு எவ்வளவு புரிகிறது என்பது. கல்யாண மண்டபத்தில் கரகரக்கும் மைக்கின் வால்யூமை ஏற்றினால் கரகரப்பும் சேர்ந்துதான் ஏறும். 64 குவாமில் எம்இஆர் 28-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 24 பக்கம் இறங்கினால் கட்டம் உடையும். 256 குவாமுக்கு 32-க்கு மேல் வேண்டும்.

உங்கள் 52 எப்படி வந்தது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பத்து டேப்பிலிருந்து (தெரு லைனில் வீட்டுக்குச் சிக்னல் பிரிக்கும் பெட்டி) 68 வருகிறது என்று வையுங்கள். ஹாலுக்கு 25 மீட்டர், அங்கிருந்து மாடிக்கு 15 மீட்டர், மொத்தம் 40 மீட்டர் ஆர்ஜி-6 (டிவிக்கு வழக்கமாக இழுக்கும் கேபிள் வகை). நல்ல ஆர்ஜி-6 கேபிள் 100 மீட்டருக்கு 100 மெகாஹெர்ட்ஸில் ஆறரை டிபி தின்னும், 800 மெகாஹெர்ட்ஸில் பத்தொன்பதரை. ஆக, 40 மீட்டரில் கீழ்ப்பக்கம் 2.6, மேல்பக்கம் 7.8. ஏற்கெனவே ஒரு இருவழி ஸ்பிளிட்டர் இருந்து, மூன்றாவது டிவிக்காக அதன் ஒரு காலில் இன்னொரு இருவழி ஸ்பிளிட்டர் சேர்த்திருப்பார்கள். ஒவ்வொன்றும் 4 டிபி எடுக்கும்: ஆற்றலை இரண்டாகப் பிரிப்பதற்கு 3, உள்ளே வீணாவது அரை முதல் ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து 8. 68-இலிருந்து 7.8-உம் 8-உம் போனால் 52.2. கணக்கு சரியாக வருகிறது, லெவலில் குறையில்லை. (ஒரே மூன்றுவழி ஸ்பிளிட்டர் போட்டிருந்தால் 6 மட்டும் போயிருக்கும். நான்குவழிக்கு 7 முதல் 8, எட்டுவழிக்கு 11, 12.)

கேபிள் மட்டமாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். ஆர்ஜி-59 என்ற மெல்லிய வகை, இதே தூரத்துக்கு ஆர்ஜி-6 எடுப்பதைவிடக் கால் பங்குக்கு மேல் கூடுதலாக எடுக்கும். கடையில் 'ஆர்ஜி-6' என்று அச்சடித்து, மேலே அலுமினிய வலையை ஏழெட்டு இழைக்குக் குறைத்து விற்கும் கேபிளில் அதைவிட மோசமான சங்கதி வேறு: வெளியிலிருந்து மொபைல் டவர் சிக்னல் உள்ளே நுழையும்.

லெவல் போதும் என்றால் சில சேனல்கள் மட்டும் ஏன் உடைகின்றன? டிஜிட்டல் கேபிளில் ஒரு 8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குள் பல சேனல்கள் ஒன்றாகக் கட்டப்பட்டு வருகின்றன. அந்த ஒரு அலைவரிசை கெட்டால் அந்தக் கட்டு முழுவதும் கெடும். உடைகிற சேனல் ஒவ்வொன்றிலும் நின்று, மெனுவில் சிக்னல் விவரத்தைத் திறந்து அலைவரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் பத்து எண்கள் போதும், நோய் எது என்று அந்தப் பட்டியலே காட்டிக்கொடுக்கும்.

உடைவதெல்லாம் 600 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே என்றால் கேபிள் நீளம், மட்டக் கேபிள், தண்ணீர் இறங்கிய ஜாயின்ட். கீழ் அலைவரிசைகள் மட்டும் உடைந்தால் எங்கோ நடுக்கம்பியோ வலையோ தொடாமல் நிற்கிறது. சின்ன இடைவெளி ஒரு கெப்பாசிட்டர் போல வேலை செய்யும். உயர் அலைவரிசை அதைத் தாண்டிக் குதித்துவிடும், கீழ் அலைவரிசை நின்றுவிடும். கழன்ற கனெக்டரோடும் பாதிச் சேனல்கள் வருவதன் ரகசியம் இதுதான். 758 முதல் 803 மெகாஹெர்ட்ஸுக்குள் மட்டும் உடைந்தால் 700 மெகாஹெர்ட்ஸ் 5ஜி டவர் கேபிளுக்குள் கசிகிறது. 869 முதல் 894 வரை என்றால் 850 மெகாஹெர்ட்ஸ் 4ஜி. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: வலை அடர்த்தியான கேபிள், இறுக்கமான கனெக்டர்.

பட்டியலில் உள்ள எண்கள் சம இடைவெளியில் சிதறிக் கிடந்தால், யாரோ கேபிளை முறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். மூன்றாவது டிவி வந்த பிறகு தொடங்கிய கோளாறு என்பதால் உங்கள் வீட்டில் நான் முதலில் தேடுவது இதைத்தான். ஸ்பிளிட்டர் இல்லாமல் நடுக்கம்பியோடு நடுக்கம்பி, வலையோடு வலை முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட். அங்கே 75 ஓமும் 75 ஓமும் இணைசேர்ந்து 37.5 ஆகிவிடும், வந்த ஆற்றலில் ஒன்பதில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போகும். அதுகூடப் பெரிய சேதமில்லை. அந்தக் கிளையின் மறுமுனையில் டிவி மாட்டாமல் சும்மா தொங்கினால்தான் விபரீதம். சும்மா தொங்கும் கேபிள் தன் நீளத்துக்கேற்பச் சில அலைவரிசைகளை ஷார்ட் செய்தது போல விழுங்கும். ஒரு மீட்டர் துண்டு 62, 187, 311, 436, 560, 685 என்று சுமார் 125 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் பள்ளம் தோண்டும். இரண்டு மீட்டர் துண்டு 31-இல் தொடங்கி 62-க்கு ஒன்றாக. எல்லா டிவியிலும் ஒரே சேனல்கள் உடையும். மாடியில் டிவியை மாட்டினால் ஒரு மாதிரி, கழற்றினால் வேறு மாதிரி உடையும்.

ஸ்பிளிட்டரில் இந்தத் தொல்லை குறைவு. அதன் வெளிக்கால்கள் ஒன்றை ஒன்று பார்க்காதபடி 20 டிபிக்கு மேல் பிரித்து வைத்திருக்கும். ஆனாலும் ஆளில்லாத காலைத் திறந்து விடாமல் 75 ஓம் டெர்மினேட்டர் ஒன்றைத் திருகிவிடுவது நல்லது. ரெசிஸ்டர் அடைத்த சின்ன மூடிதான் அது.

இப்போது பூஸ்டர். அதைக் கேபிளின் கடைசியில், டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் சிக்னலும் இரைச்சலும் சமமாக ஏறும். பூஸ்டர் தன் இரைச்சலையும் கொஞ்சம் சேர்க்கும். லெவல் 52 போய் 72 ஆகும், எம்இஆர் ஒரு புள்ளி குறையும். ஜாயின்ட் தோண்டிய பள்ளத்தை அது நிரப்பாது. பூஸ்டருக்கு நியாயமான இடம் ஒன்றுதான்: நல்ல சிக்னல் பலவீனமாவதற்கு முன்னால், நீளமான கேபிளின் தொடக்கத்தில்.

ஆன்டெனா வைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1982-இல் ரூபவாஹினி தொடங்கிய பிறகு தமிழகத் தென்கடலோரத்தில் உயரக் குழாய் நட்டு இலங்கை ஒளிபரப்பைப் பிடித்தவர்கள் பூஸ்டரை ஆன்டெனாவுக்கு அடியிலேயே, உச்சியில் கட்டினார்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. ஆன்டெனா 38 டிபி தருகிறது, கீழே வரும் கேபிள் 6 தின்கிறது என்று வையுங்கள். உச்சியில் 2 டிபி இரைச்சல் மட்டுமே சேர்க்கும் பூஸ்டர் இருந்தால், சிக்னல் இரைச்சலைவிட 32 டிபி மேலே நிற்கும். அதே பூஸ்டரைக் கீழே வைத்தால் 26. பூஸ்டரே இல்லையென்றால் டியூனரின் 7 சேர்ந்து 21. பூஸ்டருக்கு முன்னால் தொலைந்த 6 டிபியைப் பின்னால் எத்தனை மடங்கு பெருக்கினாலும் திரும்ப வாங்க முடியாது.

பூஸ்டரால் நேரெதிர்க் கெடுதலும் உண்டு. கேபிளில் ஒன்றல்ல, எண்பது அலைவரிசைகள் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றும் 75 டிபி என்றால் மொத்தச் சுமை 94, அதாவது 50 மில்லிவோல்ட். டியூனரின் முதல் டிரான்சிஸ்டர் அதைத் தாங்காமல் அலைவரிசைகளை ஒன்றோடொன்று கலக்கும். நோடுக்கு (தெருவுக்குச் சிக்னலைப் பெருக்கி விடும் பெட்டி) அடுத்த வீட்டில் லெவல் 80 காட்டி, படம் உடையும். தெருக்கோடி வீட்டில் 50-இல் படம் பளிச்சென்று இருக்கும். அங்கே வேண்டியது சிக்னலைக் குறைக்கும் 10 டிபி அட்டெனுவேட்டர். அதைத் திருகியதும் லெவல் 10 இறங்கி, குவாலிட்டி ஏறினால் நோய் அதுவேதான்.

டிடிஎச் வைத்திருப்பவர்களுக்கு டெசிபெல் கணக்கு இதேதான், ஆனால் கேபிளில் உண்மையான வோல்ட்டும் உண்டு. டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கிப் பெருக்கும் எல்என்பிக்குச் செட்டாப் பாக்ஸ் அதே கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் டிசி அனுப்புகிறது. எந்தத் திசையில் அதிரும் அலை வேண்டும் என்பதற்கான உத்தரவு அது: 13 என்றால் வெர்டிகல் (நிமிர்ந்தது), 18 என்றால் ஹாரிசான்டல் (கிடையானது). மேல் பட்டைக்கு மாற 22 கிலோஹெர்ட்ஸ் டோன் ஒன்று கூடவே போகும். எதிர்த்திசையில் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் சிக்னல் வரும். டிடி ஃப்ரீ டிஷ் கிழக்கு 93.5 டிகிரியில் உள்ள ஜிசாட்-15-இலிருந்து வருகிறது, அதன் 11.09 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை எல்என்பியின் உள் அலைவரிசையான 9.75 கழிந்து 1340 மெகாஹெர்ட்ஸாகக் கேபிளில் இறங்கும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷில் விழுவது ஒரு பிகோவாட் அளவு. எல்என்பி அதை 50, 60 டிபி பெருக்கி, 75 டிபி பக்கத்தில் கேபிளில் விடும். 2150 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-6 100 மீட்டருக்கு 33 டிபி எடுக்கும். 60 மீட்டர் ஓட்டினாலும் 55 மிஞ்சும். ஆகவே மழையில் படம் போவதற்குக் கேபிளைக் குறை சொல்லாதீர்கள். மழை சிக்னலை டிஷ்ஷுக்கு முன்னாலேயே தின்றுவிடுகிறது. லைனில் பூஸ்டர் போட்டுப் பயனில்லை, டிஷ்ஷின் திசையை அரை டிகிரி சரிசெய்தால் பயன் உண்டு.

நீளமான லைனில் டிடிஎச்சுக்கு முதலில் அடிபடுவது டிசி வோல்ட்தான். பெரும்பாலான ஆர்ஜி-6-இன் நடுக்கம்பி முழுச் செம்பு அல்ல, செம்பு பூசிய இரும்பு. உயர் அலைவரிசை மேற்பரப்பிலேயே ஓடுவதால் சிக்னலுக்கு அது போதும்; டிசிக்கு 100 மீட்டருக்கு 9 ஓம் தடை. முழுச் செம்பில் 2 ஓம்தான். 60 மீட்டரில் வலையையும் சேர்த்து 7 ஓம் என்றால், 300 மில்லிஆம்பியர் இழுக்கும் நாலு அவுட் எல்என்பியில் 2.1 வோல்ட் தொலைந்து, 18 போய் 15.9 ஆகும். எல்என்பி 15 வோல்ட் பக்கத்தில்தான் 13-ஆ 18-ஆ என்று முடிவுசெய்கிறது. இன்னும் ஒரு கறையேறிய ஜாயின்ட் சேர்ந்தால் வெர்டிகல் சேனல்கள் மட்டும் வரும், ஹாரிசான்டல் மொத்தமாகப் போய்விடும். இரண்டு பாக்ஸுக்குச் சாதா ஸ்பிளிட்டர் போடக் கூடாது என்பதும் இதனால்தான்: ஒன்று 13 கேட்கும்போது மற்றொன்று 18 கொடுக்கும். கேபிள் டிவி ஸ்பிளிட்டர் 1000 மெகாஹெர்ட்ஸோடு நின்றும் விடும். இரண்டு அவுட் உள்ள எல்என்பி வாங்கி இரண்டு லைன் இழுங்கள்.

வீட்டு மல்டிமீட்டரால் சிக்னலை அளக்க முடியாது. டிபி மீட்டர் லைன்மேனிடம்தான் இருக்கும். ஆனால் கேபிளைச் சோதிக்கலாம். இரு முனையையும் கழற்றிவிட்டு நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையே ஓம் பாருங்கள். எதுவும் காட்டக் கூடாது. மறுமுனையில் நடுக்கம்பியையும் வலையையும் தொடவிட்டு மறுபடி பாருங்கள்: 30 மீட்டர் இரும்புக் கம்பிக் கேபிளில் 3, 4 ஓம், முழுச் செம்பில் 1 ஓம் சொச்சம். 20 ஓம் காட்டினால் வழியில் ஒரு ஜாயின்ட் அரித்திருக்கிறது.

கனெக்டர் போடுவதில்தான் பாதித் தவறுகள். வெளித்தோலை 13 மில்லிமீட்டர் சீவி, வலையைப் பின்னால் மடித்து, வெள்ளை நுரையை முனையிலிருந்து 6, 7 மில்லிமீட்டருக்கு எடுங்கள். கனெக்டருக்குள் நுரை அடித்தளத்தோடு சமமாக நிற்க வேண்டும்; நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைவிட 3 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். வலையின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் டிடிஎச் பாக்ஸ் எல்என்பி ஷார்ட் என்று கத்தும். கையால் திருகும் வகையை வெயிலில் வைக்காதீர்கள், ஒரு வருடத்தில் தளரும். அழுத்துக் கருவியால் போடும் வகை நிற்கும். கேபிளை 7 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே மடக்காதீர்கள். சுவருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

கடைசியாக அந்தச் சுருக். இரண்டு முள் பிளக் கொண்ட டிவியிலும் பாக்ஸிலும் பவர் சப்ளையின் இரைச்சலை அடக்க ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். அது வழியாக மெயின்ஸிலிருந்து பெட்டிக்கு 0.1, 0.2 மில்லிஆம்பியர் கசியும், அது கேபிளின் வலையில் வந்து நிற்கும். மூன்று டிவியின் வலைகளும் ஸ்பிளிட்டரில் ஒன்றாகச் சேர்வதால் மூன்றின் கசிவும் கூடும். வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்றால் சுருக்கென்னும். மல்டிமீட்டரில் வலைக்கும் எர்த்துக்கும் இடையே 80 முதல் 120 வோல்ட் ஏசி காட்டும், ஆனால் அதற்குப் பின்னால் ஆற்றல் இல்லை.

இதையே நம்பி அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். தெருவில் ஆம்ப்ளிஃபையருக்கு ஏதோ ஒரு வீட்டின் மெயின்ஸிலிருந்து கரண்ட் எடுத்திருந்து, அதன் உடல் ஷார்ட் ஆகியிருந்தால் 230 வோல்ட்டும் வலையில் வரலாம். சில நெட்வொர்க்குகளில் கம்பத்து ஆம்ப்ளிஃபையர்களுக்குக் கேபிள் வழியாகவே 60, 90 வோல்ட் ஏசி போகும். டேப் பழுதானால் அதுவும் வீட்டுக்குள் வரும். சோதிக்கும் முறை எளிது. எல்லா டிவியின், பாக்ஸின் பிளக்கையும் பிடுங்குங்கள். பிறகு ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, உலோகத்தைத் தொடாமல், உள்ளே வரும் மெயின் கேபிளின் வலைக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். வோல்ட் மறைந்துவிட்டால் கசிவு உங்கள் பெட்டிகளுடையது. பிளக் எல்லாம் பிடுங்கிய பிறகும் காட்டினால் அது தெருவிலிருந்து வருகிறது. கேபிளைக் கழற்றக்கூட முயலாமல் ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள்.